ஆணி அடிக்காத வீடு

அந்த லிஃப்ட் கம்பெனியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஜமீன் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை என்னவோ மெக்கானிக் வேலைதான். கிரீஸ் படிந்த நீலச் சட்டை, இடுப்பில் ஸ்பேனர் தொங்கும் பெல்ட், மத்தியானம் எந்தக் கட்டடத்தில் இருக்கிறாரோ அந்தக் கட்டடத்து மொட்டை மாடியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பார். இதில் ஜமீன் எங்கிருந்து வந்தது என்றால், மனுஷர் வீடு வாங்கி விற்கிறவர். பதினோரு வருஷத்தில் ஐந்து வீடு. உடனே வாயைப் பிளக்க வேண்டாம், ஐந்தும் ஒரே சமயத்தில் இல்லை. ஒன்றை விற்று ஒன்று, அதை விற்று இன்னொன்று. அவரிடம் எப்போதும் ஒரு வீடுதான் இருந்தது. அந்த ஒன்றும் எப்போதும் விற்பனைக்கு இருந்தது.

ஆரம்பித்தது தற்செயலாகத்தான். கல்யாணமான புதிதில் ஓவர்டைம் காசைச் சேர்த்து, கம்பெனியில் கடனும் போட்டு, இரண்டு அறை உள்ள ஒரு வீட்டை வாங்கினார். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். குடிபோய் ஒரு வருஷம் கூட ஆகவில்லை, யாரோ ஒருவர் கதவைத் தட்டி விற்கிறீர்களா என்று கேட்டார். அவர் சொன்ன விலையைக் கேட்டதும் நம்மாளுக்குத் தலை கிறுகிறுத்தது. லிஃப்ட் குழிக்குள் வருஷக்கணக்கில் தொங்கினாலும் கிடைக்காத காசு, சும்மா அந்த வீட்டில் படுத்துத் தூங்கியதற்குக் கிடைக்கிறதே! ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும் என்பார்கள். தாவ ஆரம்பித்தார்.

தாவுவதற்கு ஒரு வழிமுறை வைத்திருந்தார். கட்டடம் புதிதாக இருக்க வேண்டும். வாங்கி, குடிபோய், கை படாத மாதிரி வைத்திருந்து, விலை ஏறியதும் புதுசு என்று சொல்லியே விற்க வேண்டும். ஆக, ஜமீன் வீட்டில் சில சட்டங்கள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. எண்ணெய்ச் சட்டி வைத்து எதையும் பொரிக்கக் கூடாது, புகை ஏறினால் சமையலறைச் சுவர் மஞ்சளடிக்கும். அலமாரிக் கதவில் கடையிலிருந்து ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கவே கூடாது. சுவர்க் கடிகாரம் பாவம், ஃப்ரிட்ஜின் தலையில் சாய்ந்து நின்றபடியே பதினோரு வருஷமாக மணி காட்டியது. பாதிச் சாமான்கள் அட்டைப் பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதை மனைவி மறந்து போய், புதுசாக ஒரு கரண்டி வாங்குவாள். அடுத்த வீடு மாறும்போது பழைய கரண்டி அகப்படும். மகள் மூன்று பள்ளிக்கூடம் மாறிவிட்டாள். பெயரைப் பேனாவால் எழுதுகிற பெண், நோட்டு அட்டையில் முகவரியை மட்டும் பென்சிலால் எழுதுவாள்.

"ஒரு நல்ல அலமாரி வாங்கி இதையெல்லாம் எடுத்து அடுக்கலாமே" என்று மனைவி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தடவை கேட்பாள். அடுத்த வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்பார் ஜமீன். கோபமாகச் சொல்ல மாட்டார். செல்லமாகத்தான் சொல்வார். அதனால்தான் அவளால் சண்டை போடவும் முடியவில்லை.

எந்தக் கட்டடத்தில் வாங்குவது என்று தீர்மானிக்க அவரிடம் ஒரு வித்தை இருந்தது. அதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. மொட்டை மாடி மெஷின் ரூமில் லிஃப்ட்டின் மூளை மாதிரி ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். அதில் ஒரு சின்னத் திரை, லிஃப்ட் இதுவரை எத்தனை நடை போய் வந்திருக்கிறது என்று எண் காட்டும். மற்ற மெக்கானிக்குகள் அதைப் பார்ப்பது லிஃப்ட் தொங்குகிற இரும்பு வடத்தைச் சோதிக்கிற நாளைத் தெரிந்துகொள்ள. ஜமீன் பார்த்தது வீடு வாங்க. எண் விறுவிறுவென்று ஏறுகிற கட்டடத்துக்கு ஆள் வருகிறது என்று அர்த்தம், ஆள் வருகிற இடத்தில் விலை ஏறும். மூன்று தடவை இந்தக் கணக்கு பொய்க்கவில்லை. தரகர்கள் வாயைக் கேட்டு வாங்கி ஏமாந்தவர்களைப் பார்த்து ஜமீன் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார்.

ஐந்தாவது வீட்டில்தான் ஆனைக்கு அடி சறுக்கியது. அந்தக் கட்டடத்து லிஃப்ட்டை மாட்டியதே அவர்தான். மாட்டி முடித்த சில மாதத்தில் எண் குதிரை மாதிரி ஓடியது. இத்தனை நடை ஓடுகிற லிஃப்ட்டை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. கையில் இருந்ததையெல்லாம் வழித்துப் போட்டு ஐந்தாம் மாடியில் மூன்று படுக்கையறை, பெரிய பால்கனி என்று வாங்கினார். அதோடு விட்டாரா? காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும் என்று, ஊருக்கு வெளியே எழும்பிக்கொண்டிருந்த இன்னொரு கட்டடத்தில் ஆறாவது வீட்டுக்கும் அட்வான்ஸ் கட்டிவிட்டார். அவரும் மனைவியும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு அது. ஐந்தாவதை விற்று ஆறாவதற்கு மீதியைக் கட்ட வேண்டும். குறித்த மாதத்துக்குள் கட்டாவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வராது.

குடிபோன முதல் வாரமே அவருக்கு என்னவோ உறைத்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், எட்டு மாடிக் கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் மட்டும் விளக்கு. மற்றதெல்லாம் இருட்டு. வாட்ச்மேன் வைத்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் கடிதப் பெட்டிகள் வரிசையாக இருந்தன, ஒன்றிலும் பூட்டு மாட்டியிருக்கவில்லை. அப்படியானால் அத்தனை நடை லிஃப்ட்டில் ஏறியது யார்? வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே சொன்னார், எல்லாம் புரோக்கர்களும் அவர்கள் கூட்டி வந்த பார்ட்டிகளும்தான் என்று. வாங்கினவர்கள் அத்தனை பேரும் ஜமீன் மாதிரியே விற்பதற்காக வாங்கினவர்கள். ஜமீனாவது குடிவந்தார், மற்றவர்கள் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வேடிக்கை பார்க்க ஏறுகிறவனா, குடியிருக்க ஏறுகிறவனா என்று லிஃப்ட் கேட்டா ஏற்றும்? தன் வித்தை தன்னையே கவிழ்த்ததை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது. வீட்டில் சொல்லவில்லை.

அதற்கப்புறம் சந்தை இறங்கத் தொடங்கியது. தடாலென்று விழுந்திருந்தால் கூட அழுது தீர்த்திருக்கலாம். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, கண்ணுக்குத் தெரியாமல் தேய்ந்தது. முன்னெல்லாம் தரகர்கள் இவருக்குப் போன் மேல் போன் போடுவார்கள். இப்போது இவர் போன் பண்ணினால், எப்போது பண்ணினாலும் சரி, அவர்கள் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர்த் தெருவில் விற்பனைக்கு என்று ஒரு பலகை தொங்கியது. அடுத்த வாரம் அதற்குக் கீழே "பேசிக்கொள்ளலாம்" என்று சின்ன எழுத்தில் சேர்த்திருந்தார்கள். கம்பெனியில் ஜமீன் என்று கூப்பிட்டவர்களின் குரலில் இருந்த கிண்டல் போய், பரிதாபம் வந்து உட்கார்ந்தது. கிண்டலையாவது தாங்கலாம்.

ஜமீனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி மூன்று படுக்கையறையையும் சுற்றிச் சுற்றி வந்தார். ஸ்விட்சுகளைத் துணியால் துடைப்பார், துடைத்ததையே மறுபடி துடைப்பார். பால்கனிக்குப் போய் நிற்பார், யாராவது கட்டடத்துக்குள் நுழைகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார். யாரும் வராவிட்டால் லிஃப்ட்டில் இறங்கிக் கீழே போய் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு மேலே வருவார். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போனைப் பார்ப்பார். மகள் ஒரு நாள், "அப்பா, நீங்க கொஞ்ச நேரம் உக்காந்தாத்தான் எனக்குப் பாடம் ஏறும்" என்றாள். உட்கார்ந்தார். தொடை ஆடிக்கொண்டே இருந்தது, மேஜையும் கூடவே ஆடியது.

அட்வான்ஸ் கெடு நெருங்க நெருங்க அவர் நினைப்பெல்லாம் ஒன்றே ஒன்றில்தான் நின்றது. இந்த வீடு விற்க வேண்டும். விலையைக் குறைத்தார். அப்புறமும் குறைத்தார். ஒரே ஒரு தரகர் மட்டும் போனை எடுக்கிற நிலையில் இருந்தார், குண்டான ஆள், எப்போதும் வேர்த்துக்கொண்டிருப்பவர். அவர் பார்ட்டிகளை அனுப்பத்தான் செய்தார். கமிஷன் குறைந்துபோனதால் கூட வர மாட்டார், விலாசம் கொடுத்து அனுப்பிவிடுவார். பகலில் ஜமீன் வேலைக்குப் போயிருப்பார். மனைவி காலையில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறவள், மத்தியானத்துக்கு மேல் வீட்டில்தான் இருப்பாள். அதனால் வீட்டைச் சுற்றிக் காட்டுவது அவள் வேலை. வந்தவர்கள் எல்லோரும் வீடு பிரமாதம் என்றார்கள். வீட்டுக்குப் போனதும் வேண்டாம் என்றார்கள்.

ஒரு நாள் ஜமீன் வேறொரு கட்டடத்தில் லிஃப்ட்டின் கூரை மேல் நின்று எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது தரகரிடமிருந்து போன் வந்தது. சுற்றி வளைத்துப் பேசினார். கோபித்துக்கொள்ள மாட்டீர்களே என்று இரண்டு தடவை கேட்டார்.

"அண்ணே, முதல்ல அந்த லிஃப்ட்டை ஒழுங்கா ரிப்பேர் பண்ணச் சொல்லுங்க. அது இப்படி நடுவுல நடுவுல நின்னா எவன் வாங்குவான்?"

ஜமீனுக்கு முதலில் விளங்கவில்லை. எந்த லிஃப்ட் என்று கேட்டார். உங்கள் கட்டடத்து லிஃப்ட்தான், வந்த பார்ட்டி அத்தனை பேரும் அதைத்தான் சொல்கிறார்கள், வீட்டு அம்மாவே சொன்னார்களாம் என்றார் தரகர். ஒருத்தரிடம் பாப்பா கூடச் சொல்லியிருக்கிறது, ஒரு தடவை மாட்டிக்கொண்டு வெகுநேரம் அழுதேன் என்று.

அந்த லிஃப்ட்டை மாட்டியவர் ஜமீன். பார்த்துக்கொள்கிறவரும் அவர். அது நின்றால், எங்கே நின்றாலும், அவர் போனுக்கு அந்த நொடியே தகவல் வந்துவிடும். ஒரு தடவை கூட வந்ததில்லை. அந்த ஊரில் அவர் மாட்டிய லிஃப்ட் எதுவும் அவர் பெயரைக் கெடுத்ததில்லை. வீடு விஷயத்தில் எவன் என்ன சொன்னாலும் துடைத்துப் போட்டுக்கொண்டு போவார். லிஃப்ட்டைச் சொன்னால் பொறுக்க மாட்டார்.

வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். முதலில் லிஃப்ட்டில் ஏறி மேலும் கீழும் போய் வந்தார், கதவுகளைத் திறந்து மூடினார், காதை வைத்துக் கேட்டார். வெண்ணெய் மாதிரி ஓடியது. அப்புறம்தான் வீட்டுக் கதவைத் தட்டினார். மனைவி சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"லிஃப்ட் நிக்குதா?" என்றார்.

"நிக்கல."

"பின்ன?"

"நிக்கும்னு நான்தான் சொன்னேன்."

கத்தியைக் கீழே வைக்காமல், குரலை உயர்த்தாமல் சொன்னாள். அவ்வளவு நிதானமாக அவள் ஒப்புக்கொண்டது அவரை இன்னும் கிளப்பிவிட்டது. வீடு விற்காமல் போனதைக் கூட அந்த நிமிஷம் மறந்துவிட்டார் என்றால் பாருங்கள்.

"வேற எதை வேணா சொல்லித் தொலைச்சிருக்கலாமே. ஒழுகுதுன்னு சொல்லு, கரப்பான் பூச்சின்னு சொல்லு. போயும் போயும் என் லிஃப்ட்டையா?"

"ஒழுகுதுன்னா சுவரைப் பாப்பாங்க. தண்ணி வராதுன்னா குழாயைத் திறப்பாங்க. பக்கத்து வீட்டுல சண்டைக்காரங்கன்னு சொல்லலாம்னா, பக்கத்து வீட்டுல ஆளே இல்ல. லிஃப்ட்டைத்தான் யாரும் சோதிச்சுப் பாக்க முடியாது. இப்ப நல்லாத்தானே வந்துச்சுன்னு கேட்டா, இன்னைக்கு ஓடுதுன்னு சொல்லிடலாம்."

கோபத்துக்கு நடுவிலும் ஜமீனுக்குள், கெட்டிக்காரிதான் என்று ஒரு எண்ணம் எட்டிப் பார்த்தது. அதை விரட்டிவிட்டு, கெடு இந்த மாதக் கடைசி, விற்காவிட்டால் அட்வான்ஸ் அவ்வளவும் போகும், உனக்குத் தெரியாதா என்று கேட்டார்.

"தெரியும். சேத்தது நானும்தானே, எனக்கும்தான் வயிறு எரியுது. ஆனா எனக்கு இந்த வீடு பிடிச்சிருக்குங்க. உங்ககிட்ட சண்டை போட எனக்குத் தெரியல. நாலு வீட்லயும் கேட்டுப் பாத்தேன். அடுத்த வீட்ல, அடுத்த வீட்லன்னே சொன்னீங்க. அதான் பொய் சொன்னேன்."

இப்போது அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்தால் என்று ஜமீன் நினைக்க ஆசைப்பட்டார். ஆனால் நறுக்கி முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. இந்த வீட்டுக் கடன் உங்கள் சம்பளத்திலும் என் சம்பளத்திலும் அடங்கிவிடுகிறது, ஆறாவதில் போய் மாட்டினால்தான் கழுத்துக்குக் கத்தி, என்று அவள் கணக்கும் சொன்னாள். அது சரியான கணக்குதான். அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. திரும்பத் திரும்ப அவர் வாயில் வந்தது லிஃப்ட்தான். கடைசியில் அவளுக்குப் பொறுமை போயிற்று.

"அந்த லிஃப்ட்ல எங்க என்ன சத்தம் வந்தாலும் உங்களுக்குத் தெரியும். தூக்கத்துல கேட்டாக் கூடத் தெரியும். இந்த வீட்டுல ஒரு சத்தம் சொல்லுங்க பாப்போம்."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். ஃப்ரிட்ஜ் சத்தம் என்றார். அது நம்முடன் வீடு வீடாக வருகிறது, அது வீட்டுச் சத்தம் இல்லை என்றாள். அவருக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

"இனிமே நான் பொய் சொல்ல மாட்டேன்" என்று அவள் கையைக் கழுவினாள். "யார் வந்தாலும் நீங்களே காட்டுங்க. நீங்களே பேசுங்க. என்ன சொல்லணுமோ சொல்லி வித்துக்கங்க."

அன்றிலிருந்து ஜமீனுக்குப் பழைய அலைச்சலோடு ஒரு புது அலைச்சலும் சேர்ந்துகொண்டது. ஒரு பக்கம் கெடு. இன்னொரு பக்கம், தெரியாது என்று ஒத்துக்கொண்ட அவமானம். ரோஷக்காரர் இல்லையா? வேலையிலிருந்து சீக்கிரம் வந்து வீட்டின் சத்தத்தைக் கேட்க ஆரம்பித்தார். காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் கேட்கத்தான் செய்தது. காற்றடித்தால் மகள் அறை ஜன்னல் மெல்ல முனகியது. பால்கனிப் பக்கம் ஒரு டைல்ஸை மிதித்தால் டொக்கென்றது; மகள் ஒவ்வொரு தடவையும் அதை வேண்டுமென்றே மிதித்துவிட்டுத்தான் போகிறாள் என்பதும் தெரிந்தது. குளியலறைக் குழாயை மூடின பிறகு கொஞ்சம் பொறுத்து இரண்டு சொட்டு விழும். சாயங்கால வெயில் சமையலறை வரைக்கும் வந்து மனைவியின் முழங்கை மேல் விழுகிறது, அவள் அந்த நேரம் பார்த்துத்தான் டீயோடு அங்கே நிற்கிறாள். முந்தைய நாலு வீட்டிலும் வெயில் எந்தப் பக்கமாக வந்தது என்று நினைத்துப் பார்த்தார். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. இதையெல்லாம் அவர் மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும் என்று வீம்பு.

கெடுவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, குண்டுத் தரகர் தானே நேரில் வந்தார். கூடவே ஓர் அம்மா, பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை முன்னே விட்டு, பின்னால் ஜமீனின் கையைப் பிடித்துக் கிசுகிசுத்தார் தரகர். அந்த அம்மா பழைய வீட்டை விற்ற காசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், பேரம் பேசுகிற ஆள் இல்லை, பிடித்தால் நாளைக்கே எழுதிக்கொள்வார், இதை விட்டால் இந்த வருஷத்தில் இனி ஆள் கிடையாது. ஆறாவது வீடு பிழைத்துவிட்டது என்று ஜமீன் நினைத்தார்.

மனைவி வந்தவருக்கு டீ கொடுத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். மகள் அறைக்குள் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள், பக்கம் புரட்டுகிற சத்தமே இல்லை.

அந்த அம்மா இதுவரை வந்த பார்ட்டிகளைப் போல இல்லை. சதுர அடி கேட்கவில்லை, விலை ஏறுமா என்று கேட்கவில்லை. குடியிருக்கப் போகிறவர் கேட்கிற கேள்விகளைக் கேட்டார். வெயில் எங்கே விழும், துணி எங்கே காயும், மழைக்குச் சாரல் உள்ளே வருமா, ராத்திரி தெருச் சத்தம் எப்படி? ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால் ஜமீன் முழித்திருப்பார். இப்போது கடகடவென்று சொன்னார். ஜன்னல் முனகுவதைச் சொன்னார், ஒரு துண்டுத் துணியைச் செருகினால் நின்றுவிடும் என்றார். டைல்ஸைச் சொன்னார், இரண்டு சொட்டைச் சொன்னார். சாயங்காலம் சமையலறைக்கு வரும் வெயிலைச் சொல்லும்போது அவர் குரலே கொஞ்சம் மாறிவிட்டது. சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் அப்போது நின்றது.

"நல்லா வாழ்ந்திருக்கீங்க இந்த வீட்டுல" என்றார் அந்த அம்மா. "எனக்குப் பிடிச்சிருக்கு. நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கிறேன்."

தரகருக்கு முகமெல்லாம் பல். ஜமீனுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தன் வாயால் தானே அந்த வெயிலை விற்றுவிட்ட மாதிரி இருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதை என்று சின்ன வயசில் கேட்டபோது சிரித்தவர்தான் அவர்.

கிளம்ப எழுந்தபோது அந்த அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். இது அஞ்சாவது மாடி. என் முழங்காலுக்கு லிஃப்ட்தான் உசிரு. நிக்காம ஓடுமா?"

"அம்மா, அதைப் பத்திக் கவலையே படாதீங்க" என்று தரகர் முந்திக்கொண்டார். "இந்த லிஃப்ட்டைப் பாத்துக்கறதே..."

"நிக்கும்மா" என்றார் ஜமீன்.

தரகர் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். ஜமீன் தரகரைப் பார்க்கவில்லை. பதினோரு வருஷ ஓவர்டைம் கண் முன்னால் நடந்து போவது தெரிந்தது. அதைவிட, அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதில்தான் அவருக்கு அதிகம் வலித்தது.

"அடிக்கடி நிக்கும்" என்று சேர்த்துக்கொண்டார்.

"புதுக் கட்டடமாச்சே. பாத்துக்க மெக்கானிக் யாரும் இல்லையா?"

"இருக்கான். அவன் சரியில்லம்மா. கூப்பிட்டா காதுலயே வாங்க மாட்டான். அடுத்த தடவை பாத்துக்கலாம், அடுத்த தடவை பாத்துக்கலாம்னே சொல்லிட்டிருப்பான். ஒரு இடத்துல கால் நிக்காது அவனுக்கு. வீட்டுல இருக்கறவங்கதான் பாவம்."

அந்த அம்மா வருத்தத்தோடு தலையை ஆட்டினார். இந்தக் காலத்தில் விற்கிறவர் யார் இப்படி உள்ளதை உள்ளபடி சொல்கிறார்கள் என்று அவரைப் பாராட்டவும் செய்தார். ஜமீன் தலையைக் குனிந்துகொண்டார். உங்களுக்குத் தரைத்தளம்தான் நல்லது, இரண்டு தெரு தள்ளி வாசலில் வேப்பமரம் நிற்கிற கட்டடத்தில் ஒரு வீடு காலியாக இருக்கிறது, நல்ல வீடு, விலையும் இதைவிடக் குறைவு என்று அவர் சொன்னபோது, தரகருக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது.

வாசல் வரைக்கும் போய் லிஃப்ட் பொத்தானை ஜமீனே அழுத்தினார். அது சத்தமே இல்லாமல் வந்து, தரைக்குச் சரிசமமாக நின்று, கதவைத் திறந்தது. அந்த அம்மா உள்ளே காலை வைக்கத் தயங்கினார்.

"இப்ப இறங்கலாமா?"

"இறங்கலாம்மா" என்றார் ஜமீன். "இன்னைக்கு ஓடுது."

கதவு மூடுகிற வரைக்கும் தரகர் அவரையே முறைத்துக்கொண்டு போனார்.

உள்ளே வந்தால் மனைவி சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தாள். எதையோ சொல்ல வந்தாள், சிரிப்பு வந்துவிட்டது, அது பாதியில் அழுகையாகிவிட்டது. அட்வான்ஸ் போச்சு என்றார் ஜமீன். போச்சு என்றாள் அவளும். இருவருக்கும் வயிறு எரியத்தான் செய்தது, அதில் பொய் இல்லை. அவர் கால் வழக்கம் போலப் பால்கனிக்குப் போகப் பார்த்தது. போகாமல் அட்டைப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

மகள் அறைக்குள்ளிருந்து சர்ரென்று ஒரு சத்தம் வந்தது. அலமாரிக் கதவிலிருந்து பிளாஸ்டிக் தாளை உரிக்கிறாள். ஜமீனுக்குப் பழக்க தோஷத்தில் உரிக்காதே என்று வாய் வரைக்கும் வந்து நின்றது. சத்தம் ஒரு நிமிஷம் நின்று பார்த்தது. அப்புறம் அடுத்த கதவையும் உரிக்க ஆரம்பித்தாள்.